வெள்ளை பூத்த பச்சை

முந்தின நாள் மாலை அடித்த பச்சை வண்ணம், காலையில் பார்க்கும்போது ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெளுத்திருந்தது.

மழைக்காலத்தில் இது நடக்கக்கூடியதுதான். ஜூன் பிறந்துவிட்டால் ஷிமிஸு துறைமுகத்திலிருந்து எழும் ஈரக்காற்று வீட்டுக்குள் புகுந்து பாய், தலையணை, அரிசி, காகிதம் என்று கைபட்டதையெல்லாம் நமுத்துப்போக வைத்துவிடும். அந்த ஈரத்தில் லாக்கர் வண்ணம் அடித்தால், அது காயும்போதே காற்றிலிருக்கும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு, மேலே பாலாடை மாதிரி ஒரு வெண்மை படரும். மாடல் கார் கட்டுகிறவர்கள் அதைப் பூத்துப்போச்சு என்பார்கள். தாமதமாகக் காய வைக்கிற தின்னரை நாலு சொட்டு கூடக் கலந்தால் தீர்ந்தது. முப்பது வருடமாக வண்ணம் அடிக்கிற உன்னோவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பூத்தால் கூரையெல்லாம் பூக்கும், கதவெல்லாம் பூக்கும். இது, அவர் கட்டிக்கொண்டிருந்த குட்டிக் காரின் பானட்டின் மேல், ஓட்டுநர் பக்கத்து ஓரத்தில், ஓர் அரிசி அளவுக்கு மட்டும் பூத்திருந்தது.

நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். அரிசியின் ஒரு முனை அகலமாக இருந்தது. மறுமுனை ஐந்தாகப் பிரிந்திருந்தது. நாலு நீளம், ஒன்று குட்டை, கொஞ்சம் விலகி.

உன்னோ கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி குடையைப் பிடித்தபடி குப்பைப் பையை வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் இருந்தபடி இருந்தது. தன்னைத்தானே ஒரு தடவை திட்டிக்கொண்டு, இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, அந்த இடத்தைத் தேய்த்து எடுத்தார். மறுபடி அடித்தார். பாத்திரம் உலர்த்தும் மின்சாரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அந்தப் பெட்டியில் அவர் வீட்டுப் பாத்திரம் எதுவும் உலர்ந்ததில்லை. அது கார்களுக்காகவே ரியோஹெய் வாங்கிக்கொடுத்தது.

அந்த வேலை அறையில் ரியோஹெய் வாங்கிக்கொடுக்காத பொருள் எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். வண்ணப் புகையை இழுத்து ஜன்னலுக்கு வெளியே தள்ளும் விசிறிப் பெட்டி, காற்றழுத்த இயந்திரம், வண்ணம் தெளிக்கும் முனை மெலிந்த இரண்டு ஏர்பிரஷ், பாகங்களைச் சட்டத்திலிருந்து நறுக்கும் நிப்பர், குச்சிகளில் செருகிய முதலைக் கவ்விகள். இரண்டரை வருடத்துக்கு முன் உன்னோ சிறையிலிருந்து வெளியே வந்த அன்று, இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து, எல்லாவற்றையும் அடுக்கிவைத்து, வாசலில் நின்றான் ரியோஹெய். ஆறடி உயரம், நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்தே நின்றான்.

"மூணு வருஷத்துல கை மறந்துபோயிருந்துச்சுன்னு வை, உன்னைத் திரும்ப உள்ள அனுப்பிடுவேன்டா," என்றான்.

உன்னோ அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐம்பது வயது ஆண்பிள்ளை, தெருவே பார்க்க அழுதார். மனைவி விவாகரத்துத் தாளைத் தபாலில் அனுப்பியிருந்தாள். அண்ணன் பெயரைச் சொல்லக்கூடாது என்றிருந்தார். மூன்று வருடமும் மாதம் தவறாமல் பார்க்க வந்தவன் ரியோஹெய் ஒருவன்தான்.

ஆறு வருடத்துக்கு முன், நவம்பரில், மாடல் கார் மன்றத்தின் விருந்து முடிந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஒகிட்சு ஆற்றோரச் சாலையில் உன்னோவின் பச்சை வண்டி சைக்கிளில் வந்த ஒரு முதியவரை அடித்தது. சானோ என்று பெயர். எழுபத்தோரு வயது. சைக்கிள் கூடை நிறைய மிகான் ஆரஞ்சு வைத்திருந்தார். உன்னோவுக்கு நினைவிருப்பது, விருந்தில் மூன்றாவது குவளை சாக்கே வரைக்கும்தான். அதற்கப்புறம் ஓட்டுநர் இருக்கையில், ரியோஹெய் தோளைப் பிடித்து உலுக்க, கண் விழித்தது. "என்னடா பண்ணிட்ட, உன்னோ. வேண்டாம் வேண்டாம்னு சொன்னேனேடா." சாலையெல்லாம் ஆரஞ்சு. நசுங்கிய தோலின் வாசனை.

குடித்துவிட்டுத் தான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்று உன்னோவுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஏன் தொட்டோம் என்று சிறையில் ஆயிரம் முறை கேட்டுக்கொண்டார். பதில் வரவில்லை. மனிதன் தன்னையே நம்பக்கூடாது என்பதுதான் பதில் என்று விட்டுவிட்டார்.

இந்த வருடம் மார்ச்சில் ரியோஹெய் செத்துப்போனான். நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். தகனத்துக்குப் பிறகு எலும்பு பொறுக்கும் சடங்கில், குடும்பத்தாருக்கு அடுத்து மூங்கில் குச்சியை உன்னோவிடம்தான் கொடுத்தாள் அவன் மனைவி சனாயே. அவளே போன வாரம் மழையில் நனைந்தபடி இந்த அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். உள்ளே வரவில்லை.

"கடைசியா கட்டிட்டு இருந்தாரு. நீங்கதான் முடிக்கணும்னு சொன்னாரு, உன்னோ சான்," என்றாள். தேநீர் போடுகிறேன் என்று இவர் திரும்புவதற்குள் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பெட்டியில் இருந்தது இருபத்து நாலில் ஒரு பங்கு அளவில், உன்னோவின் பச்சை வண்டியேதான். மேலே ரியோஹெய்யின் கையெழுத்தில் ஒரு சீட்டு. ‘உள்ளே எல்லாம் முடித்துவிட்டேன். வண்ணம் மட்டும் பாக்கி. உன் வண்டி, உன் கை.’

*

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தபோது உள்ளங்கை அதே இடத்தில் பூத்திருந்தது. இப்போது மணிக்கட்டும் இருந்தது. சட்டைக் கைமடிப்பின் கோடுகூட இருந்தது.

உன்னோ வண்ணம் முழுவதையும் உரித்தெடுத்தார். ஆல்கஹாலில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம் தெரிகிறவரை வழித்தார். அடிப்பூச்சாக ப்ரைமர் அடித்தார். ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டு, அறையின் கதவிடுக்கில் துணி செருகி, ஈரமானியின் முள் ஐம்பதுக்குக் கீழே இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் பச்சையைத் தொட்டார். மெல்லிசாக ஒரு பூச்சு, பத்து நிமிடம், இன்னொரு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நீர்ப்பரப்பு மாதிரி சமனாக விழுந்தது. இப்படி ஒரு பச்சை தன் கையில் இதற்கு முன் வந்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

அது காய்கிற நேரத்தில் உள்பாகத்தை எடுத்துப் பார்த்தார். ரியோஹெய் உள்ளே வேலை செய்தால் கேட்க வேண்டியதில்லை. தரைவிரிப்புக்கு மிருதுவான தூள் தூவி ஒட்டியிருந்தான். இருக்கைப் பட்டைக்கு நாடா, கொக்கிக்குச் செதுக்கிய தகடு. இருக்கைகள் தண்டவாளத்தில் நகரும்படியே செய்திருந்தான். பல்பல்லாக ஒன்பது படி, ஊசிமுனையால் தள்ளினால் நகரும்.

ஓட்டுநர் இருக்கை கடைசிப் படியில், முழுக்கப் பின்னால் இருந்தது.

உன்னோ சிரித்துக்கொண்டார். அவர் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இருக்கையை ஸ்டியரிங்கோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டுவதை வைத்து மன்றத்தில் எல்லாரும், "உன்னோ வண்டி ஓட்டல, வண்டியக் கட்டிப்பிடிச்சிட்டு இருக்கான்" என்பார்கள். ‘கோட்டை விட்டியேடா’ என்று மனதுக்குள் செத்தவனைக் கிண்டல் செய்தபடி ஊசியை எடுத்து இருக்கையை முன்னால் தள்ளினார்.

பிறகுதான் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அது பின்னால் சாய்ந்து படுக்கை மாதிரி கிடந்தது. அதன்மேல் ஒரு பழுப்பு ஜாக்கெட், மெல்லிய ஈயத்தாளில் மடிப்பு மடிப்பாகச் செய்து, வண்ணம் தீட்டி, ஒரு மனிதன்மேல் போர்த்துகிற மாதிரி விரித்துவைக்கப்பட்டிருந்தது. ஒரு கையில் தேய்ந்துபோன முழங்கைத் திட்டு.

அந்த ஜாக்கெட் உன்னோவுடையது. அன்றைக்கு விருந்துக்குப் போட்டுக்கொண்டு போனது.

ரியோஹெய் எதிலும் கோட்டை விடுகிறவன் இல்லை.

ஜன்னலில் மழை தட்டிக்கொண்டேயிருந்தது. அறையில் ஆரஞ்சு வாசனை வந்தது. ஆரஞ்சு எண்ணெயில் செய்கிற ஒட்டுப்பசை ஒன்று இந்த வேலையில் உண்டு. அதன் மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்தார். மூடித்தான் இருந்தது. இறுக்கிக்கூட இருந்தது. வாசனை புட்டியிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது, நசுங்கிய தோலும் ஈரத் தாரும் கலந்த வாசனை.

விளக்கைக்கூட அணைக்காமல் வெளியே வந்தார்.

*

ரயிலடிப் பக்கத்து மாடல் கடையில் டோமோயோ ஈரக் குடைகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கடையை எடுத்து நடத்துகிறவள், நாற்பது வயது, வாய் நிற்காது.

"மழையில லாக்கர் அடிக்கிறீங்களா, உன்னோ சான்? வண்ணத்துல ஊறுகாய் போடப்போறீங்களா?"

சிரிக்க முயன்று முடியாமல் வண்டியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெட்டி ஒன்று வேண்டும், வேறொரு மேற்கூட்டில் அடித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"அதுவா? ரியோஹெய் சான் விடாம வாங்கிட்டே இருந்த வண்டியாச்சே. இல்லியே, எல்லாத்தையும் அவரே அள்ளிட்டுப் போயிட்டாரு. பதினோரு பெட்டி. ஒவ்வொரு தடவையும் ஒரே பச்சை, மேல்பூச்சுக்கு ஒரே கிளியர். ‘ஒரே வண்டிய எத்தனை தடவைதான் கட்டுவீங்க, காதலா?’ன்னு கேட்டேன். ‘பூத்துக்கிட்டே இருக்கு’ன்னாரு. ‘உன்னோ சான்கிட்ட குடுங்களேன், அவருக்குப் பூக்காதே’ன்னேன்." டோமோயோ கையிலிருந்த உறையை நிறுத்தினாள். "அப்ப அவரு என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஏதோ நான் சாவியைக் குடுத்த மாதிரி."

"எப்போ?"

"போன வருஷம். மழைக்காலம்தான். ஏன், முகம் ஏன் இப்படி இருக்கு? உக்காருங்க, உன்னோ சான்."

உட்காரவில்லை. அங்கிருந்தே, சனாயே இருக்கும் மாரிகோவுக்குப் போகும் பேருந்தில் ஏறினார். ஈரக் குடைகளின் வாடை, கண்ணாடியில் வழியும் தேயிலைத் தோட்டங்கள், அபே ஆற்றின் கலங்கல். மனதில் எழுந்த சந்தேகத்தைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டாம் என்று பார்த்தார். மூன்று வருடமும் மாதம் தவறாமல் வந்தவன். சட்டையைப் பிடித்து அழவிட்டவன்.

*

சனாயே கதவைச் சங்கிலி போட்டுத்தான் திறந்தாள். நாலு விரல் இடுக்கில் பாதி முகம். உள்ளே அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் மியோ தொலைக்காட்சியோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

"சனாயே சான், ஓட்டினது யாரு?"

இதைக் கேட்கும் நாளுக்காக ஆறு வருடமாக அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தவள் மாதிரி நின்றாள்.

"நான் பக்கத்து சீட்ல தூங்கிட்டு இருந்தேன். அப்படித்தானே? ஜாக்கெட்டைப் போத்திவிட்டிருக்கான்."

"மியோ வயித்துல இருந்தா," என்றாள் சனாயே. "எட்டாவது மாசம். அவருக்கு வேலை போயிடும். உங்களுக்குப் பிள்ளைங்க இல்லைன்னு... எனக்குத்தான் முதல்ல போன் பண்ணாரு. ஆம்புலன்ஸுக்கு முன்னாடி. நான்தான் சொன்னேன், உன்னோ சான். உங்களை ஸ்டியரிங் பக்கம் மாத்தி உக்காரவைன்னு சொன்னது நான்தான். சீட்டை முன்னாடி இழுத்துப் போடுன்னும் சொன்னேன்."

குடையிலிருந்து தண்ணீர் உன்னோவின் செருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. காலுக்குக் கீழிருந்த ஏதோ ஒன்றை யாரோ அமைதியாக உருவி எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். சிறையில் ஒவ்வொரு இரவும் அவர் கைகூப்பி நன்றி சொன்ன ஒரே பெயர் ரியோஹெய்.

"ஆம்புலன்ஸுக்கு முன்னாடின்னா," என்றார் மெதுவாக. "அந்தப் பெரியவர்... அப்ப உயிரோட இருந்தாரா?"

உள்ளே பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது.

"இருபது நிமிஷம்," என்றாள். "பானட்டுல ஒரு கையை ஊனி எழுந்திருக்கப் பாத்தாராம். கண்ணு திறந்தே இருந்துச்சாம். உங்களைத் தூக்கி மாத்தறதை எல்லாம் பாத்துட்டே இருந்தாராம்."

"அப்ப அவருக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் எங்க வீட்டுக்கு வந்தாரு." குரல் தாழ்ந்தது. "முதல்ல வண்ணத்துல. அப்புறம் குளியலறைக் கண்ணாடியில. அப்புறம் மியோவோட ஜன்னல்ல, உள்பக்கமா. எங்க வீட்டுக்காரர் அவர்கிட்ட கெஞ்சுவாரு. ‘நான் இல்லை, உன்னோதான்’னு திரும்பத் திரும்பச் சொல்வாரு. நம்பவே இல்லை. நீங்க சொன்னா ஒருவேளை நம்புவாருன்னுதான்..."

நிறுத்திவிட்டாள். மீதியை உன்னோவே புரிந்துகொண்டார்.

சானோவின் கல்லறைக்குப் போ என்றவன் ரியோஹெய். சிறையிலிருந்து வந்த முதல் மாதம் கையைப் பிடித்து அழைத்துப் போனவனும் அவன்தான். ‘உன் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேளுடா. அப்பத்தான் மனசு ஆறும்.’ அன்றிலிருந்து மாதந்தோறும் பதினெட்டாம் தேதி, ஒகிட்சு மலைச்சரிவுக் கோயிலில், ஊதுவத்தி ஏற்றி, இரண்டு ஆரஞ்சு வைத்து, நெற்றி கல்லைத் தொடக் குனிந்து, வார்த்தை மாறாமல் சொல்லிவந்தார். ‘சானோ சான், என் பேர் உன்னோ ஷிகெகி. உங்களைக் கொன்னது நான்தான்.’ முப்பது தடவை.

"நீங்க போய்ட்டு வந்தா எங்க வீட்ல ரெண்டு வாரம் ஒண்ணும் இருக்காது," என்றாள் சனாயே. அழுதுகொண்டிருந்தாள். "போகப்போக மூணு வாரம். பெரியவர் கிட்டத்தட்ட நம்பிட்டாருன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. வண்டியும் உங்க கைக்கு வந்து, நீங்களே வண்ணம் அடிச்சுட்டா முடிஞ்சுதுன்னாரு. அதுக்குள்ள மார்ச் மாசம்... வேலை அறையில சாஞ்சு கிடந்தாரு. உடம்புல ஒரு கீறல் இல்லை. ரெண்டு தோள்பட்டையும் மட்டும் வெளுத்திருந்துச்சு."

"அதைத் தெரிஞ்சே எங்கிட்ட கொண்டுவந்து வெச்சீங்க."

"அவரு போனப்புறமும் அது போகலை, உன்னோ சான். மியோ ஜன்னலைத் தொட்டு விளையாட ஆரம்பிச்சுட்டா."

"எடுத்துக்குங்க. இப்பவே கொண்டுவந்து தர்றேன். திரும்ப எடுத்துக்குங்க."

இடுக்கில் அந்தப் பாதி முகம் அவரைப் பார்த்தது. வெட்கம் இருந்தது. பரிதாபம்கூட இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலே, பல வருடம் கழித்து நேற்றிரவு நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு முகம் அது.

"போன வாரத்துலேருந்து எங்க வீட்ல கண்ணாடியெல்லாம் சுத்தமா இருக்கு," என்றாள். "மன்னிச்சிடுங்க."

கதவை மூடினாள். தாழ் விழுந்தது. உள்ளே மியோ, "யாரும்மா?" என்று கேட்பது காதில் விழுந்தது. அம்மாவின் பதில் கேட்கவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறுகூட ஆகவில்லை. மேகம் கவிந்து, ஜன்னல் வெளிச்சம் கழுவின அரிசித் தண்ணீர் மாதிரி இருந்தது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நின்றிருந்தது. அதன் தொட்டி நிரம்பி வழிந்து, தரையில் ஒரு கோடாகத் தண்ணீர் வாசல் வரை வந்திருந்தது. இல்லை, வாசலிலிருந்து உள்ளே போயிருந்தது என்றும் சொல்லலாம்.

வழியெல்லாம் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தார். பானட்டைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். போலீஸுக்குச் செத்தவனைப் பிடித்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அந்தப் பெரியவர் பார்த்தவர். பார்த்தவருக்குத் தெரியும்.

உலர்த்தும் பெட்டியைத் திறந்தார். மேற்கூட்டை வெளியே எடுத்து விளக்கின் கீழ் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

பானட்டில் ஒன்றும் இல்லை. கை இல்லை, மணிக்கட்டு இல்லை, ஒரு புள்ளி வெள்ளைகூட இல்லை. கிளியர் இன்னும் அடிக்கவே இல்லை, பாலிஷ் போடவே இல்லை. ஆனாலும் பச்சை, ஆழக் கிணறு மாதிரி பளபளத்தது. குழல் விளக்கு அதில் கோணாமல் நெளியாமல் நேர்க்கோடாக விழுந்திருந்தது. முப்பது வருடமாக அவர் தேடிய பரப்பு.

தொண்டையைச் செருமினார்.

"சானோ சான். நான் இல்லை. நான் தூங்கிட்டு இருந்தேன். நீங்க பாத்தீங்களே."

மழை நின்றது. நின்ற மாதிரி இருந்தது. காது அடைத்துக்கொண்டது.

"என்னைத் தூக்கி மாத்தினாங்க. நீங்க பாத்தீங்க. நான் மாசாமாசம் பொய் சொல்லல... பொய்னு எனக்குத் தெரியாது. அவன் சொல்லச் சொன்னான். நான் நம்பிட்டேன். நீங்க நம்பாதீங்க."

பக்கத்தில், மேசையில், உள்பாகம் கிடந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

பக்கத்து இருக்கை நிமிர்ந்திருந்தது. ஜாக்கெட் இல்லை. மேசையிலும் இல்லை, தரையிலும் இல்லை. ஓட்டுநர் இருக்கை முதல் படியில் இருந்தது. அதை அவரே தள்ளினார், காலையில், ஊசியால், சிரித்துக்கொண்டே. தன் கையால் தன் இடத்துக்கு.

முப்பத்தோராவது தடவை, வாய் திறக்காமலே ஒப்புக்கொண்டது.

ஆரஞ்சு வாசனை. மிக அருகில். தின்னரின் நெடியைத் தாண்டி, விசிறியின் இழுப்பைத் தாண்டி, மூச்சு விடும் தூரத்தில்.

எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. கதவு மூன்றடியில் இருந்தது. நாற்காலியின் பின்கால், தரையின் ஈரத்தில் நகர்ந்து, ‘சிக்’ என்றது.

பானட்டைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்தப் பச்சைக்குள் விளக்கு இருந்தது. விளக்குக்குக் கீழே அவர் முகம், விரல்நகம் அளவு. முகத்துக்குப் பின்னால், யாரோ குனிந்திருந்தார்கள். இடுப்பிலிருந்து முழுசாக, வணங்குகிற மாதிரி, நரைத்த உச்சந்தலை தெரிய.

"நான் இல்லை," என்றார் உன்னோ. சத்தம் வரவில்லை.

தலை நிமிர்ந்தது. மெதுவாக. பலகாலம் வலித்த முதுகு நிமிர்கிற மாதிரி. நெற்றி. புருவம். திறந்த கண்கள்.

கோபம் இல்லை அந்த முகத்தில். உன்னோ கோபத்துக்குத்தான் பயந்திருந்தார். அது இல்லை. மழையில், இருட்டில், வீடு வீடாகக் கதவைத் தட்டி அலைந்த ஒருவர், கடைசியில் சரியான விலாசத்தைக் கண்டுபிடித்துவிட்டால் முகத்தில் ஒரு நிம்மதி வருமே. அது இருந்தது. நன்றிகூட இருந்தது.

இரண்டு கைகள் எழுந்தன. பச்சைக்குள், அரிசி அளவில்.

தோள்மேல் வந்து அமர்ந்தபோது, மனிதக் கை அளவில் இருந்தன. சில்லென்று. நனைந்து. கனமாக.